இராவணன் கோட்டையில் விளக்கேற்றியவன்

என் மாமியாருக்கு வலது கண் போனது கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில். மறு வருசம் இடது கண்ணிலும் பால் படர்ந்ததுபோல ஒரு வெண்மை இறங்கியது. கண்டியில் அப்போது மருந்து கொடுத்தவர்கள் எல்லாரிடமும் காட்டினோம். நாட்டு வைத்தியர் பச்சிலைச் சாறு பிழிந்துவிட்டார். ஆஸ்பத்திரித் துரை இமையைப் புரட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அத்தை அதற்கெல்லாம் கலங்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். முழுக்க இருட்டுவதற்குள் சின்னவன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

சின்னவன் என்றால் என் கொழுந்தன். அவன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருசம் ஆகியிருந்தது.

என் வீட்டுக்காரருக்கு வண்டித் தொழில். குண்டசாலைப் பக்கத்துத் தோட்டங்களில் கோப்பி மூட்டை ஏற்றிக்கொண்டு பேராதனை ஸ்டேசனில் இறக்குவார். ரயில் வருவதற்கு முன்னால் அதே வண்டிகள் கடுகண்ணாவைக் கணவாய் இறங்கிக் கொழும்பு வரைக்கும் போனவை. கொழுந்தன் கடைசி வண்டியை ஓட்டுவான். ஒரு மழை நாளில் அவன் வண்டி குடை சாய்ந்து மூட்டைகள் சேற்றில் விழுந்தன. ஸ்டேசன் வாசலில், மற்ற வண்டிக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அண்ணன் தம்பியைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவன் தார்க்குச்சியை நுகத்தடியில் சாய்த்து வைத்தான். மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினான். பிறகு ரயில் பாதையோடு நடந்து போனவன்தான்.

கதிர்காமம் போய் வந்த ஒரு வண்டிக்காரர்தான் முதல் தகவல் கொண்டுவந்தார். தெற்குக் கரையில் ஒரு மடத்தில் அவனைப் பார்த்தாராம். ஏதோ ஒரு வெளிச்சவீட்டில் வேலை என்று சொன்னானாம். எந்த வெளிச்சவீடு என்று வண்டிக்காரர் கேட்கவில்லை. எங்களுக்கு வெளிச்சவீடு என்றால் என்னவென்றே அப்போது தெரியாது. கப்பல்காரர்களுக்கு இருட்டில் கரை தெரியும்படி விளக்கு எரிக்கும் கோபுரம் என்று அவர்தான் விளக்கிச் சொன்னார். கரையோரம் அங்கங்கே இருக்கிறதாம்.

என் வீட்டுக்காரர் தான் மட்டும் போய்த் தேடி வருவதாகச் சொன்னார். அத்தை ஒரே வார்த்தையில் அதை நிறுத்தினாள்.

“அடிச்ச கையைப் பாத்துட்டு அவன் வருவானா?”

பங்குனி மாதம் அது. பழம் பறிப்பு முடிந்து வண்டிகள் சும்மா கிடந்தன. கோப்பிச் செடி பூத்து மலைச்சரிவெல்லாம் வெள்ளையாக இருந்தது. அந்த வாசனையோடு ரயில் ஏறிக் கொழும்புக்குப் போனோம். கோப்பி ஸ்டோரில் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். அம்பாந்தோட்டைக்கு அரிசி கொண்டுபோய் அங்கிருந்து உப்பு ஏற்றி வரும் தோணி ஒன்றில் அவர் எங்களுக்கு இடம் பேசிக் கொடுத்தார். தோணியின் தலைவரைத் தண்டல் என்பார்கள். இந்தத் தண்டல் கடலுக்கு அக்கரை இந்தியாவிலிருந்து வந்த முஸ்லிம் மனிதர், வெற்றிலை போட்டுப் போட்டு வாய் சிவந்தவர். போகிற வழியில் உள்ள வெளிச்சவீடுகளில் விசாரிக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பும் முன் திரும்பிவிட வேண்டும், அதில் தாட்சணியம் பார்க்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

என்னைப் பெற்றவர்கள் பாம்பனிலிருந்து மன்னாருக்குத் தோணியில் வந்து, காட்டு வழியே நடந்து மலை ஏறியவர்கள். நான் மலையில் பிறந்தவள். கடலைப் பார்த்ததே அன்றைக்குத்தான். என் வீட்டுக்காரர் துறைமுகம் தாண்டும் முன்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. கடைசி வரைக்கும் செய்யவில்லை. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் கிடையாது.

கொழும்பில் விளக்கு மணிக்கூட்டுக் கோபுரத்தின் தலையில் இருந்தது. காவல்காரனிடம் கேட்டோம். மலையாட்கள் யாரும் அங்கே வேலையில் இல்லை என்றான். தோணி புறப்பட்டபோது பொழுது இறங்கிவிட்டது. கோபுரத்தில் விளக்கு ஏற்றினார்கள். அத்தை எழுந்து நின்று, கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்துக் கும்பிட்டாள். வீட்டில் விளக்கு வைத்ததும் கும்பிடுகிற பழக்கம். தண்டலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பெரியம்மா, அது வெள்ளக்காரன் எண்ணெய் ஊத்துன விளக்கு.”

“எண்ணெய் யாரு ஊத்துனா என்ன? எரியறது விளக்குத்தானே.”

அதற்குப் பிறகு அவர் அத்தையிடம் கொஞ்சம் மரியாதையாகவே பேசினார்.

தோணிப் பாயில் நடுவாக ஒரு பெரிய ஒட்டுத் துணி தைத்திருந்தது. காலையில் விழித்ததும் அத்தை அதைத்தான் பார்ப்பாள். கொழும்பை விட்டு வந்த மறுநாள், ஒட்டுத் தெரிகிறது, ஓரம்தான் தெரியவில்லை என்றாள். காலித் துறையில் நின்ற அன்று அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.  பாயின் பக்கம் முகத்தைத் திருப்பியவள், குனிந்து வெற்றிலைப் பையைத் துழாவினாள்.

காலியில் கோட்டை மதிலோடு சேர்ந்து ஒரு இரும்புக் கோபுரம் நின்றது. அங்கே எண்ணெய் சுமக்கிற கிழவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டதுமே ஆளைத் தெரிந்துகொண்டார். குடுமி வைத்த மலைப்பையன், அதிகம் பேசமாட்டான், மாட்டைக் கண்டால் நின்றுவிடுவான், அவன்தானே என்றார். எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் அவன் அங்கே இல்லை. நடுக்கடலில் பாறைமேல் புதிதாக ஒரு வெளிச்சவீடு கட்டியிருக்கிறார்களாம். கருங்கல் ஏற்றிய கப்பலோடு வேலைக்குப் போனவன், கட்டி முடிந்த பிறகும் அங்கேயே கையாளாகத் தங்கிவிட்டானாம். பாறைக்குப் பெயர் இராவணன் கோட்டை. கோட்டை கடலுக்குள் முழுகிப்போய் மேல்படி மட்டும் மிச்சம் என்று சனங்கள் பேசிக்கொள்வார்களாம்.

கிழவர் இன்னொன்றும் சொன்னார். சோளகம் தொடங்கிவிட்டால் அந்தப் பாறைக்குப் போக்குவரத்தே கிடையாது. இந்தப் பங்குனியில் பார்க்காவிட்டால் இனி ஐப்பசியில்தான்.

ஐப்பசி வரைக்கும் அந்தக் கண் காத்திருக்காது. மூன்று பேருக்கும் அது தெரிந்தது. வேகமாகத் தோணிக்குத் திரும்பினோம்.

காலியைத் தாண்டியதும் காற்று எதிர்த்து அடித்தது. தோணி கரைக்கும் கடலுக்குமாக மாறி மாறி ஓடி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முன்னேறியது. தண்டல் வானத்தைப் பார்ப்பதும் எச்சில் துப்புவதுமாக இருந்தார். அம்பாந்தோட்டையில் அரிசியை இறக்கியதும், இராவணன் கோட்டை வரைக்கும் ஒரே ஒரு ஓட்டம், அங்கே நின்று பேச முடியாது, பாறையைச் சுற்றி நீரோட்டம் பொல்லாதது என்றார். சரி என்றோம். வேறு என்ன சொல்வது?

அரிசி இறக்கிய மறுநாள் முற்பகலில் அதைக் கண்டோம். முதலில் கடலில் ஒரு குச்சி நட்டதுபோல இருந்தது. பிறகு அது கோபுரமானது. கண்டியில் எத்தனையோ பெரிய கட்டடம் பார்த்தவள் நான். ஆனால் மண் இல்லாத இடத்தில், நாலு பக்கமும் அலை அடிக்க, ஒரு கல் கோபுரம் தனியாக நிற்பதைப் பார்த்தபோது தோணி விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அன்று கடல் அமைதி என்றார் தண்டல். அந்த அமைதியிலேயே பாறையில் தண்ணீர் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பியது. அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்கவில்லை.

கோபுரத்தின் உச்சியில் விளக்கறையைச் சுற்றி ஒரு தாழ்வாரம் உண்டு. அதில் ஒருவன் வந்து நின்றான். குடுமி அவிழ்ந்து காற்றில் பறந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றி, ஒரு காலைச் சற்றுத் தளர்த்தி நின்றான். மாட்டை அவிழ்த்துவிட்டு அது தண்ணீர் குடிக்கும்வரை காத்திருக்கும் நிலை அது. நான் அத்தையின் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினேன்.

“அத்தே, நிக்கிறாரு. மேல பாருங்க, மேல.”

அவள் தலையைத் தூக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். கண்டுகொண்ட அடையாளம் முகத்தில் இல்லை.

என் வீட்டுக்காரர் அதுவரைக்கும் படுத்தே வந்தவர், எப்படி எழுந்தாரோ, தோணியின் முன்பக்கத்து அணியத்துக்கு ஓடினார். தம்பியைக் கூவி அழைத்தார். குரல் அலையில் கரைந்தது. தலைப்பாகையை உருவி, அதைத் தலைக்கு மேலே தூக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வீசினார். வீசிக்கொண்டே இருந்தார்.

மேலே நின்றவன் முன்னால் குனிந்தான். பார்த்தான். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டான். அப்படியே உள்ளே போய்விட்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரர் கையிலிருந்தது வெள்ளைத் துணி.

எங்கள் மலைகளில் ஒரு வழக்கம். எதிர்மலையில் வேலை செய்கிறவனை வீட்டுக்குக் கூப்பிட வேண்டுமென்றால், குரல் போகாத தூரத்துக்குத் துணிதான் பேசும். சிவப்புச் சேலையை விரித்து அசையாமல் பிடித்தால் நல்ல சேதி: பிள்ளை பிறந்திருக்கிறது, பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். வெள்ளையை வீசினால் சாவு. எங்கள் பிள்ளைகள் பேசப் பழகும்போதே இதையும் பழகிவிடும். அந்த மலையில் வளர்ந்தவன், அண்ணன் வெள்ளையை வீசுவதைப் பார்த்தான். யார் செத்ததாக நினைப்பான்?

“எதைடா வீசுனே?” என்று அத்தை கேட்டாள். அவளுக்கு அவர் கை ஆடுவது மட்டும் தெரிந்திருக்கிறது. அவர் தலைப்பாகையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டார். என் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லு, என்ன நெறம்?”

நான் சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை.

பேசுவதற்கு நேரம் இல்லை. மூட்டையை அவிழ்த்து என் சிவப்புக் கண்டாங்கிச் சேலையை எடுத்தேன். கொடிக்கயிற்றில் கட்டி ஏற்றச் சொன்னேன். தண்டல் கயிற்றின்மேல் கை வைத்து மறித்தார்.

“தங்கச்சி, இது உங்க மலை இல்ல. இங்க செவப்புக் கொடி ஏத்துனா வெடிமருந்து ஏத்தியிருக்குன்னு அர்த்தம். நாளைக்கு எந்தத் துறையிலயும் என்னைச் சேத்துக்க மாட்டான்.”

“கொடியா ஏத்துனாத்தானே? நான் சேலை காயப்போடுறேன்.”

அவர் கயிற்றை விட்டார். நான் அணியத்தில் நின்று சேலையின் இரண்டு முனைகளையும் பிடித்து விரித்தேன். காற்று என்னையும் சேர்த்துத் தூக்கப் பார்த்தது. என் வீட்டுக்காரர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். ஊர் பார்க்க என்னைத் தொட்டே அறியாத மனிதர். தோணி பாறையை ஒட்டிப் போய்த் திரும்பியது. கை மரத்துப்போகும்வரை நான் சேலையை இறக்கவில்லை. தாழ்வாரத்துக்கு யாரும் வரவில்லை. நீரோட்டம் தோணியைப் பாறைப் பக்கம் இழுக்கத் தொடங்கியது. தோணியாட்கள் ஒரே நேரத்தில் சத்தம் போட்டார்கள். இனி ஒரு விரல்கடை கிட்டப் போனாலும் எல்லாரும் முழுகிப்போவோம் என்று தண்டல் பாயைத் திருப்பிவிட்டார். கோபுரம் மறுபடி குச்சியாகும்வரை பார்த்துக்கொண்டே வந்தோம்.

தண்டல் நல்ல மனிதர். எங்களைக் கிரிந்தைக் கரையில் இறக்கினார். பாறைக்காரர்களின் படகு தண்ணீரும் சாமானும் ஏற்ற அங்கேதான் வரும், நாளைக்கு வர வேண்டிய முறை, வந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள் என்றார். நாளைக்கு வெயில் உச்சிக்கு வரும்வரை தோணி நிற்கும், அதற்கு மேல் தன்னால் முடியாது. காற்று மாறத் தொடங்கிவிட்டது. அது எங்களுக்கே தெரிந்தது.

பொழுது இருண்டதும் கடலுக்குள் வெகுதூரத்தில் ஒரு சிவப்பு ஒளி தோன்றி மறைந்தது. மறுபடி தோன்றியது. அத்தை மணலில் உட்கார்ந்து அந்தப் பக்கமே பார்த்திருந்தாள்.

“ஏதோ செவப்பா வந்து வந்து போகுது. அதுதானா?”

அதுதான் என்றேன். அத்தை கும்பிட்டாள். என் வீட்டுக்காரர் எழுந்து தள்ளிப் போய் நின்றுகொண்டார். தாயைச் சாகடித்துவிட்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அத்தைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

“இங்க வந்து உக்காருடா,” என்றாள். “அவன் வருவான். உசுரோட இருக்கற ஆத்தாளைப் பாக்க மூணு வருசமா வரல. செத்தவளுக்கு வராம இருக்க மாட்டான். அப்படித்தான் வருவான்னா, நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்.”

மறுநாள் காலை வெயில் ஏற ஏற நாங்கள் கடலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தோம். தண்டல் ஆள் அனுப்பிக் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றோம். மறுபடி ஆள் வந்தான். இந்த முறை எங்கள் மூட்டையைத் தூக்கவே வந்தான். நான் மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்காமல் மூட்டையைத் தூக்க முடியாது. ஒரு பெண்பிள்ளையை அவன் எப்படித் தூக்குவான்? தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

அப்போதுதான் படகு தெரிந்தது. ஐந்தாறு பேர் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு முகமாகத் தேடினார். குடுமி வைத்தவன் ஒருவனும் இல்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்க முடியவில்லை. நான் அத்தையிடம் என்ன சொல்வதென்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படகிலிருந்து மொட்டைத் தலையோடு ஒருவன் குதித்தான். மீசையும் இல்லை. தலை புதிதாகச் சிரைத்து அங்கங்கே கத்தி பட்டுக் கீறியிருந்தது. அவன் நேரே அண்ணனிடம் வந்து நின்றான்.

“எப்பண்ணே? என்னைக்கு?” என்று கேட்டான்.

என் வீட்டுக்காரர் தம்பியின் தோளைப் பிடித்து, கரையில் உட்கார்ந்திருந்த தாயின் பக்கம் திருப்பினார்.

அவன் பார்த்தான். மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பிறகு நாலு காலில் குழந்தைபோல அவளிடம் வந்தான்.  அத்தை இரண்டு கையாலும் அவன் முகத்தைப் பிடித்தாள். கன்னம், தாடை, மேலுதடு என்று தடவினாள். கை தலைக்கு ஏறியது. அங்கே நின்றுவிட்டது.

“இந்த மொட்டை யாருக்குடா?”

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

“எனக்கா?”

“வெள்ளையைப் பாத்தேன், ஆத்தா. உடனே கூட இருக்கறவன்கிட்டத் தலையைக் குடுத்துட்டேன். அங்க கத்தி போடத் தெரிஞ்சவன் அவன் ஒருத்தன்தான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான்: “செவப்பையும் பாத்தேன். விளக்கறைக் கண்ணாடி வழியாப் பாத்தேன். அப்ப பாதித் தலை செரச்சாச்சு. பாதியோட எந்திரிச்சு வர முடியுமா?”

முதலில் சிரித்தது அத்தைதான். வாயில் பல் அதிகம் இல்லை, சிரித்தால் முகம் முழுவதும் சுருங்கிவிடும். உசுரோட இருக்கும்போதே கருமம் பண்ணிப்புட்டானே, இனி எமன் என் பக்கம் வரமாட்டான், என் ஆயுசு கெட்டி என்று அவன் மொட்டையில் தட்டினாள். மூட்டை தூக்க வந்தவன்கூடச் சிரித்தான்.

கொழுந்தன் என்னைப் பார்த்தான். “வெள்ளைக்குப் பின்னாலயே செவப்பு வந்ததும் எனக்கு ஒண்ணும் புரியல, மதினி. ஆத்தா போயிருச்சு, உங்களுக்குப் புள்ள பொறந்திருக்கு, ரெண்டும் ஒண்ணா வந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்.”

எனக்கு அப்போது பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பல வருசம். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ரெண்டும் இல்ல தம்பி, சேலை ஈரமா இருந்துச்சு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு அன்றைக்குப் பேசிய பேச்சு ஒன்றே ஒன்று. சாப்பிட்டாயா என்று இவர் கேட்டார். இல்லை என்றான் அவன். கட்டுச்சோற்றை அவிழ்த்துத் தன் கையாலேயே இலையில் வைத்தார். அறைந்த கை அது. அவன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான்.

அத்தை அவனை வெயிலுக்கு நேரே உட்கார வைத்தாள். தன் இடது கண்ணை அவன் முகத்தோடு ஒட்டுகிற மாதிரிக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நெற்றியைப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் அசையாமல் முகத்தைக் கொடுத்தான். தோணியிலிருந்து தண்டல் கூப்பிட்டார். பாறைப் படகும் தண்ணீர்ப் பீப்பாய்களை ஏற்றி முடித்திருந்தது. அத்தை இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தானாகவே கையை எடுத்தாள்.

“தெரியுதா, ஆத்தா?” என்று கேட்டான்.

“தெரியுது. போய் விளக்கை ஏத்து.”

ஒப்புக்கொண்ட காலம் முடியாமல் அவனால் பாறையை விட்டு வர முடியாது. வாடா என்று அவளும் கேட்கவில்லை. அவர்கள் படகு முதலில் போனது. எங்கள் தோணி பிறகு. அம்பாந்தோட்டையில் உப்பு ஏற்றி வரும் வழியெல்லாம் சோளகம் எங்களைப் பிடித்து ஆட்டியது. அத்தை மூட்டைகளுக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்கி வந்தாள்.

கண்டிக்கு வந்து மழை விடுவதற்குள் அந்தக் கண்ணும் முழுக்க மூடிவிட்டது.

தை மாதம் கொழுந்தன் காலம் முடிந்து வீட்டுக்கே வந்துவிட்டான். தலையில் முடி கழுத்தளவு வளர்ந்திருந்தது. மீசையும் முன்போலவே இருந்தது. அத்தை குரலைக் கேட்டதும் கையை நீட்டினாள். அவன் கிட்டப் போய் உட்கார்ந்தான். கை முடியில் பட்டதும் சட்டென்று பின்வாங்கியது.

“இது யாரு?” என்றாள்.

நான்தான் ஆத்தா, முடி வளர்ந்திருச்சு என்று அவன் சிரித்தான். அவளும் தெரியாமல் கேட்கவில்லை. ஆனால் அவள் கடைசியாகப் பார்த்த முகம் கிரிந்தைக் கரையில் மொட்டையாக இருந்த முகம். கண்ணுக்குள் அதுதான் தங்கிவிட்டது. அதற்குப் பிறகு பல வருசம் இருந்தாள். தினமும் அவன் வண்டியை அவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்காருவான். தினமும் அவள் கை அவன் தலைக்குப் போகும். முடியைத் தொட்டதும் ஒரு நொடி தயங்கி நிற்கும், பிறகுதான் தடவும்.